லூடிக்குக் கொடுத்த அமைதி

பர்ச் ரன் கிராமம், பென்சில்வேனியா
1834, நான்காம் மாதம் 12

தம்பி ஈனோக்,

நீயும் உன் மனைவி டார்கஸும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அவள் இருமலுக்கு அனுப்பிய தேன் கேட்டதா? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். நாம் குவேக்கர்கள் சத்தியம் செய்வதில்லை என்பதால், "சொல்வது உண்மை" என்று மட்டும் சொல்லி, என் குதிரையை லூடிதான் ஓட்டிப்போனான் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். நீதிபதி "லூட்விக் ஷ்டாம்" என்று கூப்பிட்டபோது, அது யார் என்று அவனே திரும்பிப் பார்த்தான். பத்து வருஷமாக என் மாட்டுத் தொழுவத்தில் வெறும் லூடியாகத்தானே இருந்தான்.

சந்தையில் குடித்துவிட்டு என் குதிரையைக் கொடுத்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்த கதையை அவன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். "அம்மா எப்பவும் ஆராதனைக்கு லேட்டா போறாங்கய்யா. பாவமா இருந்துச்சு. அதான் வாங்கினேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னான். நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இரண்டு வருஷம் போட்டார்.

நானாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீதான் மூன்று பக்கம் எழுதினாய். புதுச் சிறையில் சவுக்கு இல்லை, சங்கிலி இல்லை, தனி அறையில் அமைதியாக உட்கார்ந்து தன் உள்ளத்தைப் பார்ப்பான், குடி தானாகப் போய்விடும் என்று. அந்தக் குடி போக வேண்டும் என்றுதான் சாட்சி சொன்னேன். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

அவன் வாய் ஓயாதவன், உனக்கே தெரியும். மாட்டோடு பேசுவான், வெண்ணெய் கடையும் மத்தோடு பேசுவான், யாரும் இல்லாவிட்டால் தன் பூட்ஸோடு பேசுவான். நம் சபை வழக்கப்படி, பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லாரையும் பேர் சொல்லி "நீ" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன். அவனுக்கு நான் இன்னும் "அம்மா"தான். வண்டியில் ஏற்றும்போதுகூட, "அம்மா, மார்த்தாவுக்கு இது தலைச்சன் கன்னு. பக்கத்துலயே இருங்க, பயப்படுவா" என்று பசுவைப் பற்றித்தான் பேசினான்.

"ரெண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இரு லூடி. உனக்கும் நல்லது, என் காதுக்கும் நல்லது" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நீ சிறை நலக் குழுவில் இருக்கிறாய், உள்ளே போய்வர உரிமை இருக்கிறது. அவனைப் போய்ப் பார்த்து எழுது.

உன் அக்கா,
கெசையா

*

ஹார்ட்வெல் நகரம்
1834, ஐந்தாம் மாதம் 20

அன்புள்ள அக்கா கெசையாவுக்கு,

உன் முழங்கால் வலி தணிய வேண்டுகிறேன். டார்கஸ் தேறி வருகிறாள். தேனுக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

நீ செய்தது சரி. அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். அவனுடைய அறையை நேரில் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர், மேலே வானம் தெரியும் சிறு திறப்பு, குழாயில் தண்ணீர், தனியாக நடக்க ஒரு குட்டி முற்றம். நம் ஊர் ஏழைகள் பலருக்கு இந்த வசதி கிடையாது. உள்ளே கொண்டுவரும்போது முகத்தை மூடும் முக்காடு போட்டுத்தான் அழைத்து வருகிறார்கள். நாளை வெளியே போனபின் "இவனைச் சிறையில் பார்த்தேன்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அதே காரணத்தால் பெயரும் கிடையாது. அவன் இப்போது எண் ஐம்பத்தேழு. செருப்புத் தைக்கவும் எழுதப் படிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

என்னைக் கண்டதும் மிகவும் உற்சாகப்பட்டான். "வாங்கய்யா வாங்க! வெளிய மழையா? மேல பார்த்தா வானம் இத்தனூண்டுதான் தெரியுது, மேகமா புகையான்னே புரியல. அம்மா நல்லா இருக்காங்களா? மார்த்தா கன்னு போட்டாளா? காளையா, கிடாரியா?" என்று மூச்சு விடாமல் கேட்டான். வெளியுலகச் செய்தி எதையும் உள்ளே சொல்லக் கூடாது என்பது விதி. பழைய வாழ்க்கையின் இரைச்சல் அடங்கினால்தான் மனம் தெளியும். ஆகவே கேள்விகளை விட்டுவிட்டு பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டினேன்.

நாம் ஒவ்வொரு வாரமும் மௌனத்தில் பெறுகிற ஆறுதலை அவன் தினமும் பெறப் போகிறான். நினைத்தால் எனக்கே சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

உன் தம்பி,
ஈனோக்

*

பர்ச் ரன்
1834, ஐந்தாம் மாதம் 29

ஈனோக்,

நலம். நீங்களும் நலம்தானே.

பொறாமையாக இருக்கிறதா? தாராளமாகப் போய் இரு. உன் கடையை டார்கஸ் பார்த்துக்கொள்வாள்.

பசு கன்று போட்டதைச் சொன்னால் எந்த விதி செத்துப்போகும்? அவன் என்ன ஊர்வம்பா கேட்டான்? கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளை. தாயும் சேயும் நலம். இதை அவனிடம் போய்ச் சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல். அவனுக்கு என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்றும் எழுது.

கெசையா

*

ஹார்ட்வெல்
1834, ஒன்பதாம் மாதம் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். கோடை வெப்பத்தில் உன் உடம்பு எப்படி? பதிலுக்குத் தாமதமானதை மன்னிப்பாய் என்று நம்புகிறேன்.

மிகுந்த வேலை. குளிர்காலத்துக்காக அறைகளுக்குச் சூடான காற்று செல்லும் குழாய்கள் அமைக்கிறோம். அதில் பெரிய சிக்கல், காற்று ஒரே சீராகப் போவதில்லை, முதல் பத்து அறைகளில் வெந்துபோகிறது, கடைசி அறைகளில் உறைகிறது. கொல்லனிடம் நானே மூன்று முறை போனேன். நியூயார்க்கிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆட்கள் நம் சிறையைப் பார்க்க வருகிறார்கள். உலகமே நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற காலம் இது அக்கா.

சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. ரொட்டி, மாட்டிறைச்சிச் சூப், உருளைக்கிழங்கு, சோளக் கஞ்சி.

ஐம்பத்தேழு ஏழாம் மாதத்தில் சில நாள் ஒழுங்கு தவறினான். சரிசெய்யப்பட்டது. இப்போது அவனிடம் காணும் அமைதி ஆச்சரியமானது.

உன் தம்பி,
ஈனோக்

*

பர்ச் ரன்
1834, ஒன்பதாம் மாதம் 11

தம்பி,

வெப்பத்தில் நான் நன்றாகவே இருக்கிறேன். வெண்ணெய்தான் உருகுகிறது.

குழாயைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். லூடியைப் பற்றி மூன்று வரி. சிறுவயதில் அம்மாவின் பால்குடத்தை நீ உடைத்த அன்று, "இன்னிக்குக் காத்து ரொம்ப பலமா அடிக்குதும்மா" என்று நீயாக வந்து சொன்னாயே, அதே குரல் இந்தக் கடிதத்தில் கேட்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே.

ஒழுங்கு தவறினான் என்றால் என்ன செய்தான்? சரிசெய்யப்பட்டது என்றால் யார், எதை வைத்து, எப்படிச் சரிசெய்தார்கள்? கன்று பிறந்ததைச் சொன்னாயா, இல்லையா?

மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் வேண்டும்.

கெசையா

*

பர்ச் ரன்
1835, இரண்டாம் மாதம் 2

ஈனோக்,

உயிரோடுதான் இருக்கிறாய் என்று உன் கடைக்கு ஆணி வாங்கப் போன கேலப் யார்னல் சொன்னான். கன்னம் வேறு உப்பியிருக்கிறதாம். சந்தோஷம்.

ஐந்து மாதமாகப் பதில் இல்லை. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். நானே வந்து பார்க்கிறேன் என்று சிறைக்கு எழுதினேன். உறவினர், நண்பர் யாருக்கும் அனுமதி இல்லை, கைதிகளுக்குக் கடிதமும் கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்படியானால் அவனுக்கும் எனக்கும் நடுவே இருக்கிற ஒரே வாய் உன்னுடையதுதான். அதைத் திற.

கெசையா

*

ஹார்ட்வெல்
1835, மூன்றாம் மாதம் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆண்டறிக்கை வேலையில் மூழ்கிவிட்டேன். டார்கஸுக்கு மறுபடி இருமல். உன் கால் எப்படி இருக்கிறது?

ஐம்பத்தேழு மிக அழகாகச் செருப்புத் தைக்கிறான். எழுதப் படிக்கவும் தேர்ந்துவிட்டான். நான் போனால் எழுந்து நிற்கிறான், கேட்டதற்குத் தலையசைக்கிறான், தானாக எதுவும் பேசுவதில்லை. இரண்டு வருஷமும் முடிந்து அவன் வெளியே வந்ததும், அவனைப் பற்றி அறிக்கையில் தனியாக ஒரு பகுதி எழுதலாம் என்று குழு விரும்புகிறது. இரைச்சலும் குடியுமாக வந்தவன், சாந்தமான மனிதனாகத் திரும்பினான் என்று. வேறு மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் அவனை நேரில் பார்க்கவும் ஆசைப்படுவார்கள். உனக்கு அது பெருமை அல்லவா?

உன் தம்பி,
ஈனோக்

*

பர்ச் ரன்
1836, ஐந்தாம் மாதம் 8

ஈனோக்,

நான் சுகம். நீ சுகமா என்று இன்றைக்குக் கேட்க மனம் வரவில்லை. டார்கஸை விசாரித்ததாகச் சொல்.

உன் கடைசிக் கடிதமும் என் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாததால், ஒரு வருஷமாக நான் எழுதவில்லை. இப்போது லூடி வந்துவிட்டான். வந்து மூன்று வாரம் ஆகிறது.

வண்டியை விட்டு இறங்கியவன் வாசற்கதவுக்கு முன்னால் வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். என்னடா இது, உள்ளே வரமாட்டேன் என்கிறானே என்று பார்த்தால், யாராவது திறந்துவிடக் காத்திருக்கிறான்! திறந்த கதவுக்கு முன்னால், ஈனோக்! காற்றில் ஆடிக்கொண்டிருந்த கதவு அது. நான் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். முட்டைக்கோஸ் ஊறுகாயும் பன்றி இறைச்சியும் அவனுக்காகச் செய்து வைத்திருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு வார்த்தை இல்லை. மார்த்தாவின் கன்று இப்போது சினையாக இருக்கிறது, காட்டினேன். தலையசைத்தான். என் காது இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டிருந்த அமைதி இதுதான் என்று நினைத்தபோது எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

முன்பல் ஒன்று பாதி இல்லை. வாயின் இரண்டு ஓரத்திலும் தழும்பு. அதைப் பற்றிப் பிறகு கேட்கிறேன். முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

போன முதல் நாள், அதாவது ஊரார் ஞாயிறு என்கிற நாளில், அவனை ஆராதனைக்குக் கூட்டிப்போனேன். நமக்குத் தெரிந்த நல்லது அது ஒன்றுதானே. நம்மிடம் ஒருவன் அழுதுகொண்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருப்போம். ஒருவன் செத்தால் பேசாமல் இருப்போம். கல்யாணத்துக்குக்கூட அப்படித்தான். பெரிய மரியாதை செய்வதாக நினைத்து, சபையார் அவனை ஆண்கள் பக்கம் நடுப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். நாற்பது பேரும் தலை குனிந்து மௌனமானார்கள்.

கால் மணி நேரம் போயிருக்கும். லூடி மெல்லப் பெஞ்சிலிருந்து கீழே இறங்கினான். தரையில் குந்தி, கோட்டைக் கழற்றித் தலைமேல் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். அப்படியே முன்னும் பின்னும் ஆடினான். ஒருவரும் அசையவில்லை. ஜெபிக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு வருஷம் அவனை எந்த இடத்தில் வைத்திருந்தோமோ, அதே இடத்துக்கு நானே அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன்.

எழுந்து நின்று கத்தினேன். "லூடி! இது ஜெயில் இல்லடா! உன் வலது பக்கம் இருக்கறது வண்டி செய்யற கேலப் யார்னல். இடது பக்கம் அவன் மச்சான் தடேயஸ். பின்னால மாவுமில் எலைஷா பென்னாக், அவனுக்குக் காது கேக்காது. அதுக்குப் பின்னால..." என்று நாற்பது பேரையும் பேர் பேராகச் சொன்னேன். யாருக்கு எத்தனை மாடு என்றும் சொன்னேன். மூச்சு வாங்கிற்று. மேடைப் பெஞ்சிலிருந்து மூப்பர் ஒபதாயா ஹூப்ஸ் கையைக் காட்டி அடக்கப் பார்த்தார். அவர் பேரையும் சொன்னேன். பிறகு குறுக்கே போய்க் கதவைத் திறந்துவிட்டு, லூடியைத் தூக்கி நிறுத்தி வெளியே கூட்டிப்போனேன்.

மறுநாள் ஒபதாயாவும் இன்னொருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

"கெசையா, சபையில பரிசுத்த ஆவி ஏவினாத்தான் பேசணும். உன்னை ஆவியா ஏவிச்சு?" என்றார்.

"ஏதோ ஒண்ணு முதுகுல கை வெச்சுத் தள்ளிச்சு. யாருன்னு திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்ல."

"ஆண்கள் பக்கம் வேற போயிருக்க."

"ஆமா. அவன் அங்கதான் இருந்தான்."

சபை ஒழுங்கை மீறியதற்கு வருத்தம் தெரிவித்து நான் ஒரு ஒப்புதல் தாள் எழுதித் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் சபையிலிருந்து என்னை விலக்க வேண்டிவருமாம். அறுபது வருஷம் இருந்த சபை.

இப்போது சொல். அந்த வாய்க்கு என்ன ஆயிற்று?

கெசையா

*

ஹார்ட்வெல்
1836, ஐந்தாம் மாதம் 16

அக்கா,

நலமாய் இருப்பாய் என நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. இரண்டு வரிதானே. அம்மாவும் அப்பாவும் அந்தச் சபை மண்ணில்தான் புதைந்திருக்கிறார்கள்; நீ வெளியே நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. வெளியே வந்த புதிதில் சிலர் இப்படித்தான் தடுமாறுவார்கள், பழகிவிடும். தழும்பு பழைய காயமாக இருக்கலாம். குடிகாரர்கள் விழுவது வழக்கம்தானே.

ஏழாம் மாதம் குழு கூடுகிறது. ஒஹையோவிலிருந்து நால்வர் வருகிறார்கள். இதேபோல் ஒரு சிறை கட்ட அங்கே நிலம்கூடப் பார்த்துவிட்டார்கள். லூட்விக்கை அழைத்து வந்தால் அவன் எதுவும் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

ஈனோக்

*

பர்ச் ரன்
1836, ஆறாம் மாதம் 5

ஈனோக்,

நலம் விசாரித்தாயிற்று என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை லூடிக்கு வாசித்துக் காட்டினேன். "குடிகாரர்கள் விழுவது வழக்கம்தானே" என்ற இடம் வந்ததும் எழுந்து தொழுவத்துக்குப் போனான். ஆணியில் மாட்டியிருந்த குதிரைக் கடிவாளத்தை எடுத்து வந்தான். அதன் இரும்புத் துண்டைத் தன் வாய்க்குள் குறுக்கே வைத்தான். வாரை இரண்டு பக்கமும் பின்னால் இழுத்துப் பிடித்துக் காட்டினான். இரும்பு தழும்பில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. பிறகு அதைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே மாட்டினான்.

சவுக்கு இல்லை, சங்கிலி இல்லை என்றாய். கடிவாளத்தைச் சொல்ல மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்பார்கள். நீ அந்த அடியையும் சேர்த்தே கொடுத்துவிட்டாய். நெஞ்சில் கை வைத்துச் சொல், நீ அங்கே இருந்தாயா?

ஒஹையோக்காரர்கள் அவனைப் பார்க்க முடியாது. என் தொழுவத்தை மிதித்தால் சாணி அள்ளும் கூடையோடு வரவேற்பேன். நாம் சண்டை போடாத மக்கள்தான். கூடையைப் பற்றி சபை விதியில் ஒன்றும் இல்லை.

நீ சொன்னபடி ஒப்புதல் தாள் எழுதிவிட்டேன். எழுதியவர் எழுந்து நிற்க, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சபை முழுக்கக் கேட்க வாசிக்க வேண்டும் என்பது விதி. விதியை அவர்களும் மீற முடியாது. அடுத்த முதல் நாள் ஒபதாயா வாசிக்கப் போவது இதுதான்:

"கெசையா பென்ராஸ் என்னும் நான், இந்தச் சபையின் முன் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் வேலை செய்த லூட்விக் ஷ்டாமை, திருந்துவான் என்று நம்பி, நானே சாட்சி சொல்லித் தனிச்சிறைக்கு அனுப்பினேன். அன்று நான் பேசியிருக்கக் கூடாது. அவன் அங்கே இருந்த இரண்டு வருஷமும் என்ன நடக்கிறது என்று கேட்டு, பதில் வராதபோது அடங்கிவிட்டேன். அப்போது நான் அடங்கியிருக்கக் கூடாது. நம் மௌனம் நம்மைத் தேற்றுவதால் எல்லாரையும் தேற்றும் என்று நம் மக்கள் முடிவு செய்தார்கள். நாம் மௌனமாக இருக்கும்போது பக்கத்தில் நாற்பது பேர் மூச்சு விடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அவன் பக்கத்தில் யாரும் இல்லை, அவன் பெயர்கூட இல்லை. அவன் வாயில் இரும்பு வைத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் வருந்துகிறேன். போன மாதம் சபையில் கத்தியதற்கு வருந்தவில்லை. தேவைப்பட்டால் மறுபடியும் கத்துவேன்."

விலக்கட்டும். எனக்குப் பயமில்லை.

கெசையா

*

ஹார்ட்வெல்
1836, ஒன்பதாம் மாதம் 18

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குத் தூக்கம் சரியில்லை. மற்றபடி நோய் ஒன்றும் இல்லை.

உன் தாளை ஒபதாயா ஓர் எழுத்தும் விடாமல் வாசித்ததையும், முடிந்தபிறகும் நீ உட்காராமல் நின்றதையும், சபை உன்னை விலக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் மூன்று மாதமாகத் தள்ளிப்போடுவதையும் கேலப் வந்து சொன்னான். சொல்லிவிட்டு என்னிடம் ஆணி வாங்காமல் போய்விட்டான்.

அங்கே இருந்தேன், அக்கா.

அவன் உள்ளே போன வருஷத்து ஏழாம் மாதம், அவன் தண்ணீர்க் குழாயில் வாயை வைத்து அடுத்த அறைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினான் தெரியுமா? தலைச்சன் கன்று போட்ட பசு உதைக்காதபடி பால் கறப்பது எப்படி என்று. மூன்று முறை எச்சரித்தார்கள். நான்காவது முறை இரும்பைக் கொண்டுவந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். மேலாளர் என்னைப் பார்த்து, "உங்க குழுவுக்கு இதுல ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் கூட்டங்களில் யாரும் மறுக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். அவர் அதை நம்மிடம்தான் கற்றிருந்தார். தலையசைத்துவிட்டு உள்ளே போனார். பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கன்று பிறந்ததையும் நான் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

இந்த ஏழாம் மாதம் நடந்த குழுக் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தார்கள். ஒஹையோக்காரர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். எழுத்தர், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். நான் எழுந்து, "எனக்கு இல்ல" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். இரும்பைப் பற்றி அவர்கள் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். ஒருவன் மறுத்தாலும் நம்மிடம் தீர்மானம் எழுத முடியாது அல்லவா? இந்த வருஷ அறிக்கை நின்றுவிட்டது. ஒஹையோக்காரர்கள் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார்கள். என்னைக் குழுவிலிருந்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். சிறை அப்படியேதான் இருக்கிறது. ஐம்பத்தேழாம் அறையில் வேறு ஒருவன் இருக்கிறான்.

லூட்விக்கிடம் ஒன்று கேட்டுச் சொல். என்னை அவன் மன்னிப்பானா? ஒரே ஒரு வார்த்தை போதும். அவன் சொன்னால் நான் அங்கே வந்து அவன் முன்னால் நிற்கிறேன்.

ஈனோக்

*

பர்ச் ரன்
1836, பத்தாம் மாதம் 2

ஈனோக்குக்கு லூடி எழுதறது.

அம்மா நல்லா இருக்காங்க. முழங்கால் வலி குறையல. அவங்க எழுதறேன்னாங்க, நான்தான் வேணாம், நானே எழுதறேன்னேன். உங்க ஆளுங்க எல்லாரையும் நீன்னுதான் கூப்பிடணும்னு அம்மா பன்னெண்டு வருஷமா சொல்றாங்க, எனக்கு வாயே வராது. உன்னை மட்டும் சுலபமா வருது.

எழுத்து உங்க ஜெயில்ல கத்துக்கிட்டது. அதுக்கு நன்றி சொல்லச் சொல்லாத.

நீ முப்பத்தோரு தடவ வந்த. வேற நாள் கணக்கே இல்லாத இடத்துல நான் எண்ணினது அது ஒண்ணுதான். உன் பூட்ஸ் சத்தம் கேட்டா, இன்னிக்குச் சொல்லிடுவான், கன்னு பொழைச்சுதா செத்துதான்னு இன்னிக்குச் சொல்லிடுவான்னு கதவுகிட்ட வந்து நிப்பேன். நீ சங்கீதம் படிப்ப. நல்லாத்தான் படிப்ப. அப்பறம் போயிடுவ. இரும்பு வெச்ச அன்னிக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் உன் பூட்ஸ் தெரிஞ்சுது. இது என் பொறுப்பு இல்லன்னு நீ சொல்லலியே, அந்த மட்டும் சரி.

கூட்டத்துல எழுந்து நின்னியாமே. அம்மா படிச்சுக் காட்டினாங்க. அது நல்ல காரியம். அந்த அறையில இப்ப இருக்கறவனுக்காகவும் போய் நில்லு. குழுவுல இல்லன்னா தெருவுல நில்லு. அவனுக்கும் ஒரு பேரு இருக்கும், அதைக் கண்டுபிடி.

எனக்குப் பேச்சு வந்துடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா. மாட்டுகிட்டப் பேசறேன். அம்மாகிட்டப் பேசறேன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. போன வாரம் கேலப் வந்தான், அவன்கிட்ட வண்டிச் சக்கரம் கோணலா இருக்குன்னு சொன்னேன். அவன் சண்டைக்கு வந்தான். சந்தோஷமா இருந்துச்சு.

நீ ஒரு வார்த்தை கேக்கற. மன்னிச்சேனா, இல்லையா. அது எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

வரணும்னா வா. இங்க கதவு பூட்டறதில்ல. அம்மா சாப்பாடு போடுவாங்க. என் எதிர்க்க வந்து உக்காரு, எவ்வளவு நேரம் வேணா உக்காரு, நீ எதைப் பத்தி வேணா கேளு. நான் உன்கிட்டப் பேச மாட்டேன்.

லூட்விக் ஷ்டாம்